யாரும் கொண்டாடாத சமாதானம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது சிலுவைப் போர்களைப் பற்றி. இருநூறு ஆண்டுக் கதை அது. 1095இல் பிரான்சு நாட்டின் கிளெர்மோன் நகரில் போப்பாண்டவர் இரண்டாம் அர்பன் பேசிய பேச்சில் தொடங்கி, 1291இல் அக்கோ துறைமுகம் விழுந்ததோடு பாலஸ்தீனக் கரையில் முடிந்த கதை. அந்தக் கதை முழுவதையும் ஒரு மாலையில் சொல்ல முடியாது. சொல்லவும் நான் வரவில்லை. ஒரே ஒரு நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். ஜெருசலேம்.

அந்த நகரம் மூன்று முறை கைமாறியதை மட்டும் சொல்லப் போகிறேன். 1099இல் வாளால் கைமாறியது. 1187இல் மீட்புப் பணத்தால் கைமாறியது. 1229இல் பேச்சால் கைமாறியது.

முதல் இரண்டையும் உங்களில் பலர் அறிவீர்கள். முதலாவதை ஐரோப்பா பாடியது. இரண்டாவதை அரபுலகம் பாடியது. மூன்றாவதை யார் பாடினார்கள்? முற்றுகை இல்லாமல், கோட்டைச் சுவர் ஏறாமல், ஓர் ஒப்பந்தத்தால் அந்த நகரம் கைமாறியபோது, கொடுத்தவரை அவருடைய மக்களே தூற்றினார்கள். வாங்கியவரை அவருடைய மக்களே குடலை வீசி வழியனுப்பினார்கள். ஏன்? ஏன் அப்படி நடந்தது? அந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் 1099.

கிழக்கே பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோஸ், செல்ஜுக் துருக்கியரை எதிர்க்கப் படை உதவி கேட்டிருந்தார். அவர் எதிர்பார்த்தது சில ஆயிரம் கூலிப்படை வீரர்களை. வந்ததோ ஒரு பெருங்கூட்டம். சிலுவைக் குறியை ஆடையில் தைத்துக்கொண்டு பிரபுக்கள் வந்தார்கள், குடியானவர்கள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள், நோயாளிகள்கூட வந்தார்கள். இந்தப் பயணமே பாவத்துக்குப் பரிகாரம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இதை மறக்காதீர்கள். சண்டையிடுவதே தவம் என்று ஆக்கப்பட்ட நாள் அது. என் பேச்சின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தின் ஒரு பகுதி, ஒரு முஸ்லிமைக்கூடக் கண்ணால் காணும் முன்பே கொலையைத் தொடங்கிவிட்டது. 1096இல் ரைன் நதிக்கரையில் ஸ்பேயர், வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் வாழ்ந்த யூதர்கள்தான் முதலில் வெட்டுண்டார்கள். சில இடங்களில் ஆயர்கள் அவர்களைக் காப்பாற்ற முயன்றார்கள். ஸ்பேயரில் பெருமளவு காப்பாற்றினார்கள். மைன்ஸில் முடியவில்லை.

மூன்று ஆண்டுகள் நடந்து, பட்டினி கிடந்து, அந்தியோக்கியாவை எட்டு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்து, 1099 ஜூன் 7ஆம் நாள் ஜெருசலேமின் சுவர்களைக் கண்டார்கள். யாரை எதிர்த்துப் புறப்பட்டார்களோ அந்தத் துருக்கியர் அப்போது அந்த நகரத்திலேயே இல்லை! முந்தைய ஆண்டே எகிப்தின் ஃபாத்திமியர்கள் அதைக் கைப்பற்றியிருந்தார்கள். அவர்களுடைய ஆளுநர் இஃப்திகாருத் தவ்லா சுற்றுவட்டாரக் கிணறுகளைத் தூர்த்தார், நகரத்துக் கிறிஸ்தவர்களை வெளியே அனுப்பினார், எகிப்திலிருந்து படை வரும் என்று காத்திருந்தார். யாஃபா துறைமுகத்துக்கு வந்த ஜெனோவா கப்பல்களின் மரத்தையும் தச்சர்களையும் கொண்டு, பிராங்கியர் என்று அழைக்கப்பட்ட சிலுவைப் படையினர் முற்றுகைக் கோபுரங்கள் கட்டினார்கள். ஜூலை 15, வெள்ளிக்கிழமை, வடக்குச் சுவர் வழியாகப் படைத்தலைவர்களில் ஒருவரான காட்ஃப்ரேயின் ஆட்கள் உள்ளே குதித்தார்கள்.

அதன்பின் நடந்தது கொலை. முழங்கால் அளவு ரத்தம், குதிரைக் கடிவாளம் வரை ரத்தம் என்று அவர்களுடைய பாதிரியார் ஒருவரே பெருமையாக எழுதி வைத்தார். அந்த வருணனை விவிலியத்தின் கடைசிப் புத்தகத்திலிருந்து எடுத்த உருவகம் என்று இன்றைய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நூறாண்டு கழித்து எழுதிய அரபு வரலாற்றாசிரியர் இப்னு அல்-அதீர் 70,000 பேர் மாண்டார்கள் என்றார். அந்தச் சிறு நகரில் அத்தனை பேர் இருந்திருக்க முடியாது. அந்தக் காலத்துக்கு நெருக்கமாக வாழ்ந்த அந்தலூசிய அறிஞர் இப்னுல் அரபி சொல்வது 3,000. நண்பர்களே, எண்ணைக் குறைத்தால் குற்றம் குறைந்துவிடுமா? வீட்டிலும் தெருவிலும் தொழுமிடத்திலும் வாளெடுக்காதவர்கள் வெட்டப்பட்டார்கள். அதில் இரு தரப்பு நூல்களுக்கும் வேறுபாடே இல்லை.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். அக்ஸா பள்ளிவாசலின் கூரை மேல் நூற்றுக்கணக்கானவர்கள் ஏறி நின்றார்கள். தான்கிரெட் என்ற இளம் தளபதி அவர்களுக்கு அடைக்கலம் தந்தான். அடையாளமாகத் தன் கொடியையே கொடுத்தான். கொடி பறந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் மற்றப் படைவீரர்கள் கூரை மீது ஏறினார்கள். ஆண், பெண் எவரையும் விடவில்லை. சிலர் கூரையிலிருந்து குதித்து மாண்டார்கள். தான்கிரெட் கோபத்தில் கொதித்தான் என்று எழுதியிருக்கிறார்கள். சொந்தத் தளபதியின் கொடிக்கே மதிப்பில்லாமல் போன காலை அது.

நகரம் விழுந்த அதே நாளில் அதன் மேற்கு மூலையில் நடந்ததையும் கேளுங்கள். தாவீதின் கோபுரத்தில் இருந்த ஆளுநர் இஃப்திகார், துலூஸ் பிரபு ரேமண்டோடு பேசினார். கோபுரத்தைக் கொடுத்தார், உயிரை வாங்கினார். அவரும் அவருடைய காவல் படையும் பத்திரமாக அஸ்கலோனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பேச்சு நடந்த இடத்தில் உயிர் பிழைத்தார்கள். கொலை வெறி பொங்கி நின்ற அன்றைக்கே பேச்சால் உயிர் காக்க முடிந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக் கூடத்தில் கண்டெடுத்த கடிதங்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. பிழைத்த யூதக் கைதிகளையும், கொள்ளை போன திருநூல்களையும் காசு கொடுத்து மீட்க அஸ்கலோன் சமூகப் பெரியவர்கள் எகிப்துக்கு எழுதிப் பணம் திரட்டினார்கள். வெற்றி பெற்றவர்கள் நன்றிப் பாடல் பாடிக்கொண்டிருந்த நகரத்திலிருந்து, யாரோ ஒருவருடைய தாயையும் யாரோ ஒருவருடைய புத்தகத்தையும் விலை பேசி வாங்கிக்கொண்டிருந்தார்கள் அந்த ஏழைகள். எனக்கு அந்தக் கடிதங்கள் காட்ஃப்ரேயின் கோபுரத்தைவிடப் பெரியவை.

இனி 1187. ஆனால் அங்கே போகும் முன், நடுவில் இருக்கும் எண்பத்தெட்டு ஆண்டுகளில் என்ன நடந்தது? நாள்தோறும் சண்டையா? இல்லை.

உஸாமா இப்னு முன்கித் என்ற சிரியப் பிரபு தம் முதுமையில் ஒரு நினைவு நூல் எழுதினார். டமாஸ்கஸின் தூதராக அவர் ஜெருசலேம் போவார். அக்ஸா பள்ளிவாசல் அப்போது தெம்பலார் என்ற துறவி வீரர்களின் தலைமையிடம். அதன் பக்கத்தில் ஒரு சிறு பள்ளிவாசல். தெம்பலார்கள் அவருக்கு அதை ஒழித்துத் தருவார்கள், அவர் அங்கே தொழுவார். ஒருநாள் அவர் தக்பீர் கட்டி நிற்கும்போது ஒரு பிராங்கியன் பாய்ந்து வந்து, அவர் முகத்தைப் பிடித்துக் கிழக்குப் பக்கம் திருப்பி, இப்படித் தொழு என்றான். தெம்பலார்கள் அவனை இழுத்துப் போனார்கள். கண் மறைந்ததும் அவன் மறுபடி வந்து அதையே செய்தான். மறுபடி இழுத்துப் போட்டார்கள். பிறகு உஸாமாவிடம் மன்னிப்புக் கேட்டார்கள். இவன் புதிதாகக் கடல் கடந்து வந்தவன், கிழக்கு நோக்கித் தவிர வேறு பக்கம் யாரும் தொழுது பார்த்ததில்லை என்றார்கள்.

அந்த மன்னிப்பு எவ்வளவு பெரிய செய்தி! சிலுவையணிந்த போர்த் துறவிகள் ஒரு முஸ்லிமின் தொழுகைக்காகத் தங்கள் ஆளையே இழுத்து வெளியே தள்ளுகிறார்கள். அருகே வாழ்ந்தவர்கள் பழகிக்கொண்டார்கள். வெறுப்போ ஒவ்வொரு பருவத்திலும் புதுக் கப்பலில் வந்திறங்கியது.

1184இல் அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் டமாஸ்கஸிலிருந்து அக்கோவுக்கு வணிகக் கூட்டத்தோடு போனார். அதே வேளையில் எகிப்து, சிரியாவின் சுல்தான் சலாவுதீன் பிராங்கியரின் கரக் கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். படை ஒரு பக்கம் மோதுகிறது, சரக்கு இன்னொரு பக்கம் போகிறது. முஸ்லிம் வணிகர் கிறிஸ்தவர் நாட்டிலும், கிறிஸ்தவ வணிகர் முஸ்லிம் நாட்டிலும் சுங்கம் கட்டி நடமாடுகிறார்கள். வழியில் பிராங்கியர் ஆட்சியில் இருந்த முஸ்லிம் உழவர்களைப் பார்த்தார். விளைச்சலில் பாதி கொடுக்கிறார்கள், தலைவரி கொடுக்கிறார்கள், மற்றபடி வீடும் தோட்டமும் அவர்களுடையவை. பக்கத்து முஸ்லிம் பிரபுக்களின் கீழ் இருப்பவர்களைவிட இவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களே என்று அவர் மனம் வெந்து எழுதினார். அதே மனிதர் அக்கோவில் விலங்கிட்ட முஸ்லிம் கைதிகள் சுமை சுமப்பதையும் எழுதினார். இரண்டையும் எழுதினார். வரலாறு எழுதுபவனுக்கு அந்த நேர்மை வேண்டும்.

1187 ஜூலை 4. ஹத்தீன் மலைச் சரிவு. கோடை வெயில், தண்ணீர் இல்லாத மேடு, நான்கு பக்கமும் சலாவுதீனின் படை. ஒரே நாளில் ஜெருசலேம் அரசின் படை அழிந்தது. அரசன் கீ சிறைப்பட்டான். செப்டம்பரில் சலாவுதீன் ஜெருசலேமின் சுவரை அடைந்தார்.

சலாவுதீனின் பெருந்தன்மை பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். அது பொய் அல்ல. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். சரணடைகிறோம் என்று பலியான் என்ற பிரபு வந்து கேட்டபோது, சலாவுதீன் முதலில் மறுத்தார். 1099இல் நீங்கள் எப்படி எடுத்தீர்களோ அப்படியே நானும் எடுப்பேன் என்றார். பலியான் என்ன சொன்னார்? எங்களுக்கு வழியில்லை என்றால், எங்களிடம் இருக்கும் ஆயிரக்கணக்கான முஸ்லிம் கைதிகளைக் கொல்வோம், பாறைக் குவிமாடத்தையும் அக்ஸாவையும் இடிப்போம், எங்கள் மனைவி மக்களை நாங்களே கொன்றுவிட்டு வெளியே வந்து சாவோம் என்றார். அந்த மிரட்டலுக்குப் பிறகுதான் பேரம் தொடங்கியது. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5, குழந்தைக்கு அதிலும் குறைவு. நாற்பது நாள் தவணை. கட்ட முடியாத ஏழைகள் 7,000 பேருக்கு மொத்தமாக 30,000 தினார்.

அக்டோபர் 2, ரஜப் மாதம் 27, நபிகள் நாயகத்தின் விண்ணேற்றத்தை நினைவுகூரும் மிஃராஜ் நாளில் வாயில் திறந்தது. கொலை இல்லை. கொள்ளை இல்லை. ஜெருசலேமின் மறைமுதுவர் ஹெராக்ளியஸ் தமக்கான பத்து தினாரைக் கட்டிவிட்டுக் கோயில் பொன்னை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார். தடுத்துப் பறியுங்கள் என்று தளபதிகள் சொன்னபோது, கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்றார் சலாவுதீன். மறைமுதுவரின் வண்டிக்குப் பின்னால், மீட்புப் பணம் இல்லாத ஏழைக் கிறிஸ்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சலாவுதீனின் தம்பி அல்-ஆதில் அவர்களில் ஆயிரம் பேரைத் தமக்கு அடிமைகளாகக் கேட்டு வாங்கி, அங்கேயே விடுதலை செய்தார். அப்படியும் ஏறத்தாழ 15,000 பேர் அடிமைகளாகப் போனார்கள் என்று சலாவுதீனின் செயலர் இமாதுத்தீனே எழுதியிருக்கிறார். 1099ஐ விட 1187 எவ்வளவோ மேல். ஆனால் அந்த 15,000 பேரைத் தாண்டிக்கொண்டு நான் கைதட்டப் போக முடியாது.

நான்கு ஆண்டு கழித்து அக்கோவில் இங்கிலாந்து அரசன் ரிச்சர்டு ஏறத்தாழ 2,700 முஸ்லிம் கைதிகளை ஊர் முன்னால் நிறுத்தி வெட்டினான். அதே ரிச்சர்டு 1192இல் சலாவுதீனோடு ஒப்பந்தம் செய்தான். நகரம் முஸ்லிம்களிடம், கரையோரம் கிறிஸ்தவர்களிடம், திருப்பயணிகளுக்குத் தடையில்லை. இதை வேகமாகத் தாண்டிப் போகிறேன், என் மனம் 1229இல் நிற்கிறது.

கேளுங்கள். ஆயிரம் அடிமைகளை விடுவித்தாரே அல்-ஆதில், அவருடைய மகன் அல்-காமில். எகிப்தின் சுல்தான். 1219இல் ஐந்தாம் சிலுவைப் படை நைல் நதிமுகத்தில் இருந்த தமியாத் நகரை முற்றுகையிட்டிருந்தது. அல்-காமில் ஒரு செய்தி அனுப்பினார். எகிப்தை விட்டுப் போங்கள், ஜெருசலேமைத் தருகிறேன்!

எந்த நகரத்துக்காக ஐரோப்பா பல தலைமுறை ரத்தத்தைக் கொட்டியதோ, அந்த நகரம் தட்டில் வைத்து நீட்டப்பட்டது. ஜெருசலேமின் பட்டத்துக்குரிய அரசர் ஜான் வாங்கிக்கொள்ளலாம் என்றார். போப்பாண்டவரின் பிரதிநிதி கர்தினால் பெலாஜியஸ் முடியாது என்றார். தெம்பலார் முடியாது என்றார்கள். யோர்தான் ஆற்றுக்கு அப்பாலுள்ள கோட்டைகள் இல்லாமல் நகரத்தைக் காக்க முடியாது என்பது அவர்கள் வாதம். அது முற்றிலும் பொய்யான வாதமும் அல்ல. அல்-காமிலின் தம்பி ஏற்கெனவே ஜெருசலேமின் சுவர்களை இடித்துப் போட்டிருந்தார். ஆனால் கர்தினாலுக்கு வேறொன்றும் இருந்தது. நம்பிக்கையற்றவனோடு பேரம் பேசி வாங்குவது இறைவனுக்கு இழுக்கு என்ற எண்ணம்.

அந்த முற்றுகை நடந்தபோதுதான் அசிசி நகரத்துப் பிரான்சிஸ், நாம் புனித பிரான்சிஸ் என்று அழைக்கும் அந்த ஏழைத் துறவி, ஒரே ஒரு தோழரோடு, கையில் ஆயுதமில்லாமல், எதிரிப் படை நடுவே நடந்து சுல்தானைச் சந்தித்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைப் பிற்காலத்தில் பலவிதமாக எழுதினார்கள். சுல்தான் அவரை மரியாதையோடு கேட்டு, பத்திரமாகத் திருப்பி அனுப்பினார் என்பது மட்டும் நிச்சயம்.

தமியாத் விழுந்தது. உள்ளே பட்டினியும் நோயும் தின்றது போக மிஞ்சியவர்கள் கொஞ்சம். 1221இல் கெய்ரோவைப் பிடிக்கப் படை தெற்கே நகர்ந்தது. நைலில் வெள்ளம் ஏறும் காலம். எகிப்தியர் மதகுகளைத் திறந்தார்கள். சேற்றில் சிக்கி, உணவில்லாமல், மொத்தப் படையும் சரணடைந்தது. தமியாத்தும் போயிற்று, ஜெருசலேமும் இல்லை. அப்போது அல்-காமில் பட்டினி கிடந்த அந்தப் படைக்கு ரொட்டி அனுப்பினார். படையில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் ஆலிவர் அதை நன்றியோடு எழுதி வைத்தார். தங்களைக் கொல்ல வந்தவர்களை உணவு தந்து காப்பாற்றிய மனிதர் என்று ஓர் எதிரி எழுதுகிறார்!

1229இன் ஒப்பந்தத்தில் மறுபக்கத்தில் யார்? புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக். சிசிலியில் வளர்ந்தவர். அங்கே அரபு, கிரேக்கம், லத்தீன் எல்லாம் புழங்கிய காலம். அரபு அறிவியலில் ஆர்வம் கொண்டவர். சிலுவைப் போருக்குப் போகிறேன் என்று 1215இல் சபதம் செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போட்டவர். 1227இல் கப்பலேறினார், நோய் கண்டு திரும்பினார். போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். விலக்கப்பட்ட நிலையிலேயே அவர் 1228இல் மறுபடி கப்பலேறினார். திருச்சபையிலிருந்து தள்ளி வைக்கப்பட்டவர் நடத்தும் சிலுவைப் போர்! அவர் கிழக்கே இருக்கும்போதே போப்பாண்டவரின் படை தெற்கு இத்தாலியில் அவருடைய நாட்டுக்குள் புகுந்தது.

அல்-காமிலுக்கும் நெருக்கடி. டமாஸ்கஸை ஆண்ட தம்பி அல்-முஅஸ்ஸமோடு பகை. அவருக்கு எதிராக உதவி கேட்டு, ஃபக்ருத்தீன் என்ற தூதரைச் சிசிலிக்கு அனுப்பி, ஜெருசலேமைத் தருவதாகச் சொல்லியிருந்தார். பேரரசர் வந்து சேர்வதற்குள் தம்பி இறந்துவிட்டார். இனி உதவி தேவையில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று, விருந்தாளி வாசலில் நிற்கிறார். குளிர்காலம் முழுவதும் தூதர்கள் போய் வந்தார்கள். நடுவே கணக்குப் புதிர்களும் தத்துவக் கேள்விகளும் அந்தத் தூதர்களோடு பயணம் செய்தன.

1229 பிப்ரவரி 18. ஒப்பந்தம் முடிந்தது. ஜெருசலேம், பெத்லகேம், நாசரேத்து, கடற்கரைக்கு ஒரு வழி, இவையெல்லாம் கிறிஸ்தவர்களுக்கு. ஆனால் பாறைக் குவிமாடமும் அக்ஸாவும் நிற்கும் ஹரம் வளாகம் முஸ்லிம்களுக்கே. அங்கே பாங்கு ஒலிக்கும், தொழுகை நடக்கும். நகரத்து முஸ்லிம்களுக்கு அவர்களுடைய காஜி. பத்து ஆண்டும் சில மாதங்களும் போர் இல்லை.

மார்ச் 17 அன்று பேரரசர் நகரத்துக்குள் வந்தார். அவருக்கு விருந்தோம்பியவர் நாப்லூஸ் காஜி ஷம்சுத்தீன். அன்றிரவு பாங்கு சொல்ல வேண்டாம் என்று மோதினார்களிடம் காஜி சொல்லிவிட்டார், விருந்தாளியின் மனம் நோகக் கூடாது என்று. காலையில் பிரெடெரிக் கேட்டார்: ஏன் பாங்கு ஒலிக்கவில்லை? உங்களுக்கு மரியாதையாக என்றார் காஜி. நீங்கள் தவறு செய்தீர்கள், அந்த ஒலியைக் கேட்கத்தானே நான் இரவு இங்கே தங்கினேன் என்றார் பேரரசர். இதை எழுதி வைத்தவர்கள் அரபு வரலாற்றாசிரியர்கள். கையில் நற்செய்தி நூலோடு அக்ஸாவுக்குள் நுழைந்த ஒரு பாதிரியாரை அவர் கடிந்து விரட்டியதையும் அவர்களே எழுதினார்கள்.

மறுநாள் திருக்கல்லறைக் கோயில். முடிசூட்ட ஆயர் யாரும் முன்வரவில்லை, திருச்சபை விலக்கியவர் ஆயிற்றே. பீடத்தின் மேல் இருந்த மகுடத்தைத் தாமே எடுத்துத் தம் தலையில் வைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் மறைமுதுவர் ஜெரோல்டின் ஆணை வந்தது. ஜெருசலேமில் வழிபாடுகள் நிறுத்தப்படுகின்றன! எந்த நகரத்தில் வழிபடுவதற்காக நூற்றுமுப்பது ஆண்டாகப் போராடினார்களோ, அந்த நகரம் கையில் வந்த மூன்றாம் நாள் அங்கே வழிபாட்டுக்குத் தடை. மே முதல் நாள் அக்கோவில் அவர் கப்பலேற நடந்தபோது, கசாப்புத் தெரு மக்கள் குடலையும் இறைச்சித் துண்டையும் அவர் மேல் வீசினார்கள்.

டமாஸ்கஸில்? பெரிய பள்ளிவாசலில் புகழ்பெற்ற பேச்சாளர் சிப்த் இப்னுல் ஜவ்ஸி மிம்பர் என்ற பிரசங்க மேடையில் நின்று ஜெருசலேமை இழந்த துயரத்தைப் பேசினார். கூடியிருந்தவர்கள் கதறி அழுதார்கள். பேசச் சொன்னவர் டமாஸ்கஸ் இளவரசர் அந்-நாசிர் தாவூத், அல்-காமிலின் தம்பி மகன். பெரியப்பாவின் படை அவர் நகரத்தைச் சூழ்ந்த நேரம் அது. ஜெருசலேமிலிருந்து வந்த இமாம்களும் மோதினார்களும் சுல்தானின் கூடாரத்தின் முன் நின்று, நேரமில்லாத நேரத்தில் பாங்கு சொல்லித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். அல்-காமில் தம் தரப்பைச் சொன்னார். இடிந்த வீடுகளையும் கோயில்களையும்தான் கொடுத்தேன், பள்ளிவாசல் நம்மிடம்தான் இருக்கிறது என்றார். யார் கேட்டார்கள்?

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஏன் வெறுத்தார்கள்?

அவர்கள் இருவரும் உத்தமர்கள் இல்லை என்பதாலா? உண்மை, உத்தமர்கள் இல்லை. இதே பிரெடெரிக் சிசிலியில் கிளர்ச்சி செய்த முஸ்லிம்களை வேரோடு பெயர்த்துத் தெற்கு இத்தாலியின் லூச்சேராவில் கொண்டு குடிவைத்தவர். இதே அல்-காமில் இறந்த தம்பியின் பிள்ளையிடமிருந்து டமாஸ்கஸைப் பறித்தவர். இருவருக்கும் அவரவர் நாட்டில் நெருப்பு பிடித்திருந்தது, அதனால் பேசினார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூய மனத்தோடு வருபவர்களுக்காகக் காத்திருந்தால் எந்தப் போர் நிற்கும்? 1099இல் நகரத்துக்குள் புகுந்தவர்கள் தங்கள் மனம் தூயது என்று உறுதியாக நம்பியவர்கள்தாமே!

வெறுப்பின் காரணம் வேறு என்று நான் நினைக்கிறேன். மூன்று தலைமுறையாக, நான்கு தலைமுறையாக, கோயில் பீடத்திலிருந்தும் பள்ளிவாசல் மிம்பரிலிருந்தும் ஒன்றே சொல்லப்பட்டது: இந்த மண்ணுக்காகச் சிந்தும் ரத்தம் உன்னைக் கழுவும். தகப்பனை ஹத்தீனில் கொடுத்த குடும்பங்கள் இருந்தன. முன்னோரை அக்ஸாவின் கூரையில் இழந்த குடும்பங்கள் இருந்தன. அவர்களிடம் போய், ஒரு காகிதத்தால் முடிந்துவிட்டது, பாதி உனக்கு, பாதி அவனுக்கு என்றால், அவர்கள் கேட்பது என்ன? அப்படியானால் என் தகப்பன் எதற்காகச் செத்தான்? இப்படியே முடிந்திருக்கலாம் என்றால் முன்பே முடித்திருக்கலாமே! அந்தக் கேள்வியைத் தாங்க யாராலும் முடியவில்லை. அதனால் ஒப்பந்தம் செய்தவர்களைத் துரோகிகள் ஆக்கினார்கள். இறந்தவர்களின் மானத்தைக் காப்பாற்றப் பிள்ளைகளைச் சாகக் கொடுக்கத் துணிந்தார்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை, மிகுந்த வலியோடு சொல்கிறேன். அந்த அழுகை உண்மையான அழுகை. டமாஸ்கஸில் கதறியவர்கள் நடிக்கவில்லை.

ஆனால் அந்த ஒப்பந்தக் காலத்தில் ஜெருசலேமில் என்ன நடந்தது என்று கேளுங்கள். திருக்கல்லறைக்குத் திருப்பயணிகள் வந்தார்கள். ஹரத்தில் பாங்கு ஒலித்தது. சில நூறு மீட்டர் இடைவெளியில் மணியும் பாங்கும். பெரும் முற்றுகை இல்லை, படுகொலை இல்லை. பத்து ஆண்டுகள்! அங்கே பிறந்த ஒரு குழந்தைக்கு அது எவ்வளவு நீண்ட காலம்!

1238இல் அல்-காமில் இறந்தார். அடுத்த ஆண்டு ஒப்பந்தக் கெடு முடிந்தது. அந்-நாசிர் தாவூத் வந்து தாவீதின் கோபுரத்தை இடித்தார். இடையில் இன்னும் சில பேரங்கள். 1244இல் மங்கோலியருக்கு முன் சிதறி ஓடிவந்த குவாரஸ்மியப் படைகள் நகரத்துக்குள் புகுந்து கிறிஸ்தவர்களை வெட்டின, திருக்கல்லறையைச் சூறையாடின. அந்தப் படைகளை அழைத்தவர் யார்? அல்-காமிலின் மகன் அஸ்-ஸாலிஹ் அய்யூப். அதே ஆண்டு அக்டோபரில் காசாவுக்கு அருகே லா ஃபோர்பியில் பெரும் போர். ஒரு பக்கம் எகிப்தும் குவாரஸ்மியரும். மறுபக்கம் பிராங்கியர், அவர்களுக்குத் தோளோடு தோளாக டமாஸ்கஸ், ஹிம்ஸ் படைகள், அவற்றோடு அந்-நாசிர் தாவூதின் படை! ஜெருசலேமைக் கிறிஸ்தவர்களுக்குக் கொடுத்த பெரியப்பாவைத் தூற்றச் சொன்ன அதே தாவூத். பதினைந்தே ஆண்டுகளில்.

அந்தத் தோல்விக்குப் பின் பிரான்சு அரசன் ஒன்பதாம் லூயி புறப்பட்டார். உண்மையான பக்தர், ஏழைகளின் கால்களைக் கழுவியவர். 1249இல் எங்கே இறங்கினார்? அதே தமியாத்தில். எந்த வழியாகத் தெற்கே போனார்? அதே நைல் கரை வழியாக. எங்கே சிக்கினார்? 1221இல் முந்தைய படை சேற்றில் சிக்கிய அதே மன்சூரா பக்கத்தில். 1250 ஏப்ரலில் அரசரும் அவருடைய படையும் சிறைப்பட்டார்கள். அரசரை மீட்கத் தமியாத் நகரத்தையே திருப்பிக் கொடுத்தார்கள், வீரர்களை மீட்கப் பெரும் பணம் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இத்தாலியில் பிரெடெரிக் இறந்தார், திருச்சபை மறுபடியும் விலக்கிய நிலையிலேயே.

லூயியை 1297இல் திருச்சபை புனிதராக அறிவித்தது. அவருடைய தனி வாழ்வின் பக்திக்கு அது தகும். அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் தாந்தே தம் காவியத்தை எழுதினார். அதில் எரியும் கல்லறைகளில் கிடக்கும் நம்பிக்கை மறுத்தோர் நடுவே இரண்டாம் பிரெடெரிக்குக்கு இடம் தந்தார். காரணம் ஒப்பந்தம் அன்று, ஆன்மாவைப் பற்றி அவர் கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்ட கருத்து. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, நண்பர்களே. மாணவத் தம்பி தங்கைகளே, உஸாமாவையும் இப்னு ஜுபைரையும் ஆலிவரையும் தேடிப் படியுங்கள். தமிழில் கிடைக்கவில்லை என்றால், மொழிபெயர்க்க உங்களில் ஒருவர் உட்காருங்கள். அந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றி எழுத நம்மிடம் இன்னும் ஆள் இல்லை.